ஏற்காடு மலைப்பாதையில் உதவிய அண்ணனுக்கு நன்றி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏற்காடு ஏறும் வழியில், கொண்டை ஊசி வளைவு ஓரமாக நின்ற எங்கள் பெட்ரோல் காரைப் பார்த்துத் தன் பைக்கை நிறுத்திய அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

ஏற்றத்தில் வண்டி உதறியது, இழுக்கவே இல்லை. நிறுத்தினால் ஐடிலில் நடுங்கி அணையப் பார்த்தது. பெட்ரோலில் தண்ணீர், பம்ப் கோளாறு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் எதையும் ஊகிக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மற்ற மூன்று காயில்களில் எதைக் கழற்றினாலும் நடுக்கம் அதிகமானது. இரண்டாவதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. “இந்த சிலிண்டர்தான் எரியலைங்க” என்றார். அப்புறம் இன்ஜினை அணைத்து, அந்தக் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டார். கோளாறும் கூடவே மூன்றாவது சிலிண்டருக்குப் போனது! பிளக் இல்லை, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் இல்லை, காயில்தான். ஒரு பொருளும் வாங்காமல், சந்தேகமே இல்லாமல் கண்டுபிடித்த அந்த நிதானம் அபாரம்.

இன்ஜின் விளக்கு மின்னும்போது மேலே ஏறினால், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அடிவாரம் வரை பின்னாலேயே வந்தார். காசு நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் சேலத்தில் காயில் மாற்றினோம், வண்டி சீராக ஓடுகிறது. அண்ணா, இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்களைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.