வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழி பற்றி மகளுக்கு

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். மாதாமாதம் வீட்டுக்கு அனுப்ப நினைக்கும் நாற்பதாயிரம் ரூபாயைச் சிங்கப்பூரிலிருந்து எந்த வழியில் அனுப்பலாம் என்று கேட்டிருந்தாய். உன்னோடு தங்கியிருக்கும் பெண், தனக்குத் தெரிந்த ஒருவரிடம் டாலரைக் கொடுத்தால் அன்று மாலையே இங்கே நம் கணக்கில் ரூபாய் விழுந்துவிடும், வங்கியைவிட விலையும் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன், பாப்பா. பொறுமையாகப் படி.

முதலில் அந்த மனிதரின் வழி வேண்டாம். உண்டியல், ஹவாலா என்றெல்லாம் சொல்வது அதைத்தான். நீ கொடுக்கும் டாலர் அங்கேயே தங்கிவிடும்; இங்கே வேறு யாரோ ஒருவர் வேறு ஏதோ பணத்தை நம் கணக்கில் போடுவார். அது யாருடைய பணம், எப்படி வந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் தெருவிலேயே ஒரு குடும்பத்துக்கு இப்படி வந்து விழுந்த பணம், வெளிமாநிலத்தில் யாரையோ இணைய மோசடியில் ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்துவிட்டது. அந்த மாநிலக் காவல்துறையிடமிருந்து வங்கிக்குத் தகவல் வந்ததும் கணக்கை முடக்கிவிட்டார்கள். மகன் அனுப்பியதோடு அந்த அம்மாவின் ஓய்வூதியமும் அதே கணக்கில் சிக்கிக்கொண்டது. என் பையன் உழைத்துச் சம்பாதித்தது என்று வங்கி மேலாளரிடம் அவர் அழுதுகொண்டே சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். அதைக் காட்டுவதற்கு அவர் கையில் ஒரு துண்டு ரசீதுகூட இல்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999-இன்படி இப்படிப் பணம் பெறுவது சட்டமீறல்; சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். இரவு வேலை பார்த்து நீ ஈட்டும் பணம், எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் காகிதத்தை எடுத்து நீட்டும்படி வந்து சேர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்தது விலை. கட்டணமே இல்லாமல் அனுப்புகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களை எப்படி எடைபோடுவது என்பதற்கு நம் கொலுசுப் பட்டறைக் கணக்கே போதும். செய்கூலி கிடையாது என்று சொல்லிக் கொலுசு விற்பவர், அந்தக் கூலியைச் சேதாரத்தில் ஏற்றிவிடுவார். சேதாரம் எவ்வளவு என்று கேட்காதவருக்குத் தாம் கூடுதலாகக் கொடுத்தது கடைசிவரை தெரியாது. பணம் அனுப்புவதிலும் கட்டணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வாங்குபவர்கள் உண்டு. டாலருக்குத் தரும் ரூபாயைக் குறைத்து, கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஒரு டாலருக்கு அரை ரூபாய் குறைத்தால் ஆயிரம் டாலருக்கு 500 ரூபாய் போய்விடும். ஐந்து டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு அன்றைய சந்தை விலையையே தருபவரிடம் நீ இழப்பது அதைவிடக் குறைவு. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் ஒரே தொகையை, ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்து, எல்லாப் பிடித்தமும் போக வீட்டுக்கு எத்தனை ரூபாய் வந்து சேரும் என்பதை மட்டும் ஒப்பிடு. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் முறை மட்டும் நல்ல விலை கொடுத்துவிட்டு அடுத்த மாதம் குறைத்துவிடும் வழக்கமும் இருப்பதால், இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் இதே ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.

வங்கியிலிருந்து வங்கிக்கு, பல நாட்டு வங்கிகளை இணைக்கும் ஸ்விஃப்ட் என்ற அமைப்பின் வழியாக டாலராகவே அனுப்பினால், அங்கே உன் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும். இடையில் இருக்கும் வங்கியும் கொஞ்சம் பிடிக்கக்கூடும். இங்கே நம் வங்கி, தான் டாலர் வாங்கும் விலைக்கு ரூபாயாக மாற்றி, அந்த மாற்றத்துக்குக் குறைந்தது 45 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கும். பெரிய தொகையை எப்போதாவது ஒருமுறை அனுப்ப அது சரி. மாதச் செலவுக்குக் கட்டுப்படியாகாது. மாதப் பணத்துக்கு, அங்கே உன் வங்கிச் செயலியில் இருக்கும் பேநவ் என்ற பணம் அனுப்பும் சேவையிலிருந்து நம் யு.பி.ஐ. முகவரிக்கு நேராக அனுப்பும் வசதியை முதலில் பார். 2023 பிப்ரவரி 21 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் தொடங்கிய இணைப்பு அது. ஒரு நாளைக்கு ஆயிரம் சிங்கப்பூர் டாலர் அளவுக்குத்தான் வரம்பு என்றாலும் நம் தேவை அதற்குள் அடங்கிவிடும். பணமும் உடனே வந்துவிடும். உன் வங்கியும் நம் வங்கியும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள். அங்கேயும் விலையைப் பார்க்க மறக்காதே. உடனே வருவதாலேயே அது மலிவு என்று ஆகிவிடாது. சிராங்கூன் சாலைப் பணமாற்றுக் கடைகளில் நல்ல விலை கிடைத்தால் அங்கேயும் அனுப்பலாம். அந்தக் கடைக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் உண்டா என்பதை ஆணையத்தின் இணையதளப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடு. ரசீதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நான் கோப்பில் சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் ரூபாய் இறங்கும், கூடுதலாகக் கிடைக்கும் என்று வீட்டுச் செலவுப் பணத்தை நிறுத்திவைக்க வேண்டாம். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு தேதி உண்டு.

ஏற்காட்டில் இருக்கும் அம்மாயிக்கு நேராகப் பணம் அனுப்ப ஆசைப்படுகிறாய். கணக்கில் போடாமல் ரொக்கமாகக் கையில் வாங்கும் முறை ஒன்று உண்டு. அதில் ஒரு முறைக்கு 2,500 அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்ப முடியாது, ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் தருவார்கள். அம்மாயிக்குக் கணக்கு இருப்பதால் அது தேவையில்லை. ஆனால் அவருடைய பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக இருக்கிறது. ஆதாரிலோ தாத்தாவின் பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குப் பெயர் பொருந்தவில்லை என்றால் வங்கி திருப்பி அனுப்பிவிடக்கூடும்; நீ கட்டிய கட்டணம் திரும்பாது. வருகிற வாரம் நானே மலை ஏறி, அம்மாயியை வங்கிக்கு அழைத்துப் போய்ப் பெயரைச் சரிசெய்துவிட்டு வருகிறேன். அதுவரை அவருக்குரியதையும் என் கணக்கிலேயே போடு. கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் தனியாக அனுப்புகிறேன். அந்தப் பதினோரு எழுத்தில் ஐந்தாவதாக வருவது பூஜ்ஜியம், ஓ என்ற ஆங்கில எழுத்தை அடித்துவிடாதே.

செலவுக்கு அனுப்பும் பணமும் உன் சேமிப்பும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், கண்ணு. நீ எனக்கு அனுப்புவதற்கு எவ்வளவானாலும் வருமான வரி கிடையாது. பிள்ளை பெற்றோருக்குக் கொடுப்பது அது. ஆனால் உன் சேமிப்பை என் பெயரில் போட்டுவைத்தால் அதன் வட்டி என் வருமானமாகி, வரியும் என் கணக்கில் சேரும். அதைவிட முக்கியம், அது உன் பணம். உன் பெயரில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்ததை இங்கே போட்டுவைக்கும் என்.ஆர்.இ. கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொள். அதில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்றைக்காவது அங்கே தேவைப்பட்டால் அசலையும் வட்டியையும் தடையின்றித் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி நாளில் தொடங்கிய உன் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள பணத்துக்கு வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும்படி வங்கியில் எழுதிக்கொடுக்க வேண்டும். நீ வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது சாதாரணக் கணக்காக நீடிக்கக் கூடாது என்பது விதி. அதற்கான படிவத்தை நாளை வாங்கிவைக்கிறேன். பாஸ்போர்ட், விசா, அங்கே குடியிருக்கும் முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை அனுப்பு.

இந்த மாதம் ஐம்பது டாலர் மட்டும் முதலில் அனுப்பு. எவ்வளவு ரூபாய் வந்தது, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்துச் சொல்கிறேன். அது சரியாக வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்பினால் போதும். அந்தப் பெண்ணிடமும் தெருவில் நடந்ததைச் சொல்; அவள் வீட்டாரும் நம்மைப் போல ஒரே கணக்கை நம்பி இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

அன்புடன்,
அம்மா