பொன்மலைக் கிட்டாரை விற்றுவிடாதே

ஸ்கார்பரோ, கனடா,
நவம்பர் 9

அன்புள்ள சேகர்,

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை, அப்பாவின் கிட்டாரை விலைக்குக் கேட்கும் அந்தத் தில்லைநகர்க்காரருக்கு எந்தப் பதிலும் சொல்லாதே. அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. ஏன் என்பதை நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

அதற்கு முன் ஒன்று. உன் அப்பா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அன்று போனில் நாலு வார்த்தை பேசினேன், அப்புறம் எழுதவே இல்லை. எழுத உட்கார்ந்தால் உங்கள் பொன்மலை குவார்ட்டர்ஸ் வராந்தாவும், ஷிஃப்ட் முடிந்து வந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் கிட்டாரை எடுக்கும் அவரும் கண்முன் வந்துவிடுவார்கள். பேனா நகராது. தப்புதான், மன்னித்துவிடு. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம்.

சரி. செப்டம்பரில் குளிர் ஜாக்கெட் தேடி ஒரு பழைய பொருள் கடைக்குப் போனேன். பின்பக்கம் சூட்கேஸ்களுக்கு நடுவில் ஒரு கிட்டார் குப்புறக் கிடந்தது. பெரிய உடம்பு. இரண்டு கம்பி இல்லை. கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய தலைப்பகுதியில் யாரோ கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். விலை 40 டாலர். கட்டைவிரலால் மேல்பலகையைத் தட்டினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் அதை அங்கேயே விட்டுவர மனம் வரவில்லை. ஜாக்கெட் வாங்கவே இல்லை.

அடுத்த மூன்று வாரம் வேறு எதிலும் கவனமில்லை. பெயர் இல்லாத கிட்டாரை அடையாளம் காண்பது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். முதலில் பார்க்க வேண்டியது சத்த ஓட்டையின் விளிம்பு. மேல்பலகையில் ஓடும் ரேகைகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் அது முழுப் பலகை. பிஸ்கட் அடுக்கின மாதிரி அடுக்குத் தெரிந்தால் பிளைவுட். இதில் ரேகைகள் இறங்கின. ஸ்ப்ரூஸ் மரம். பின்னும் பக்கமும் மஹோகனி.

உடனே ஆசை பெருகிவிட்டது. பெரிய கம்பெனிக் கிட்டாரோ, மார்ட்டினாக இருக்குமோ, கிப்ஸனாக இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் யோசனை. மார்ட்டின் என்றால் கண்டுபிடிப்பது சுலபம். 1898 முதல் வரிசையாக எண் போட்டு வருகிறார்கள், கழுத்து உடம்போடு சேரும் கட்டையில் அந்த எண் குத்தியிருக்கும், எண்ணைப் பார்த்தால் வருஷம் தெரிந்துவிடும். கிப்ஸனில் தலைவலி. அறுபதுகளில் ஒரே எண்ணை வேறு வேறு வருஷங்களில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். எண் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

மகளின் பல் மருத்துவக் கிட்டில் இருந்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டையில் எண் எதுவும் இல்லை. உள்ளே குறுக்குச் சட்டங்கள் ஏணிப் படி மாதிரி நேராக ஓடின. மார்ட்டினாக இருந்தால் எக்ஸ் வடிவில் இருந்திருக்கும். அப்போதே ஆசையின் பாதி போய்விட்டது. ஆனால் பின்பலகையின் உட்புறத்தில் மங்கலான மை முத்திரை ஒன்று கிடைத்தது. நாலு இலக்கம், பிறகு ‘எச் 1260’. கொஞ்சம் தள்ளி இன்னொன்று: ‘எஃப் 64’.

அதுதான் ஜாதகம். எச் 1260 மாடல் எண், 64 வருஷம். ஹார்மனி கம்பெனி, சவரின் மாடல், 1964. சிகாகோவில் 1892-ல் தொடங்கிய கம்பெனி. அஞ்சல்வழி விற்பனைக்குப் பேர்போன சியர்ஸ் அதை 1916-ல் வாங்கியது. கேட்டலாக்கில் படம் பார்த்து ஆர்டர் பண்ணி, கிராமத்துப் பையன்கள் தபாலில் வாங்கிய கிட்டார்கள். 1975-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு ஏமாற்றமே இல்லை சேகர். பணக்கார வாத்தியமாக இருந்திருந்தால் பெட்டியில் பூட்டி வைத்திருப்பேன். இது கூலிக்காரன் வீட்டு வாத்தியம். மூன்றாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை பலகை பள்ளம் விழுந்திருக்கிறது, அதற்கு மேல் புதுசு போல இருக்கிறது. வாசித்தவருக்கு ஜி, சி, டி என்ற மூன்று ஸ்வரக் கூட்டு போதுமாக இருந்திருக்கிறது. அப்பா நமக்குச் சொல்லித்தந்த அதே மூன்று.

விலை பற்றிச் சொல்கிறேன், இதை நன்றாகக் கவனி. விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். யார் வேண்டுமானாலும் எதுவும் கேட்கலாம். விற்று முடிந்த விலையைத்தான் பார்க்க வேண்டும். என்னுடையது நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் ஆயிரம் டாலருக்குள் முடியும். ஆனால் இது நல்ல நிலையில் இல்லை. ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அறுபது வருஷமாக அப்படி இழுத்து, கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி 6 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டியது. நீராவி விட்டுப் பசையை இளக்கி, கழுத்தைக் கழற்றி, கோணம் சரிசெய்து மறுபடி ஒட்ட வேண்டும். ரிப்பேர் செய்பவர் 600 டாலர் கேட்டார். என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கு சரி. ஆனாலும் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் திரும்பி வரும்.

அந்த ரிப்பேர்காரர் சொன்னதைக் கேட்டபோதுதான் உன் நினைப்பு வந்து நெஞ்சு திக்கென்றது. கறுப்பு பெயின்ட் தலையில் மட்டும் இருப்பதால் பிழைத்தது, உடம்பு முழுக்க மறுபடி பாலிஷ் அடித்திருந்தால் விலையில் பாதி போயிருக்கும் என்றார். நீ வாய்ஸ் மெசேஜில் என்ன சொன்னாய்? விற்பதற்கு முன் ஆசாரியிடம் கொடுத்து வார்னிஷ் அடிக்கப்போகிறேன் என்றாய். 4000 ரூபாய்க்காக! டேய், அந்தக் கையை வைத்துக்கொண்டு சும்மா இரு.

அப்பாவின் கிட்டாரை நினைத்துப் பார். நடுவில் வட்ட ஓட்டை கிடையாது, இரண்டு பக்கமும் வயலின் மாதிரி வளைந்த வெட்டு. ஆஸ்திரேலியா போன அந்த ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பத்திடம் வாங்கியது. உள்ளே சீட்டில் ‘செல்மர், லண்டன்’ என்று இருக்கும், ஞாபகமா? அதைக் காட்டித்தானே நீ தெருவெல்லாம் லண்டன் கிட்டார் என்று பீற்றிக்கொண்டு திரிந்தாய். என் ஞாபகம் சரியென்றால் அது லண்டனில் செய்ததே இல்லை. செல்மர் இங்கிலாந்தில் இறக்குமதி செய்து விற்ற கம்பெனி. செய்தது ஹோஃப்னர், ஜெர்மனி. 1887-ல், இன்று செக் நாட்டில் இருக்கும் ஷோன்பாக் என்ற ஊரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த ஊர் ஜெர்மன்காரர்களை வெளியேற்றினார்கள். வாத்தியம் செய்கிறவர்கள் கூட்டமாக பவேரியாவில் பூபன்ராய்ட் என்ற ஊருக்கு வந்து மறுபடி பட்டறை போட்டார்கள். செல்மர் வழியாக வந்தவற்றில் செனட்டர், பிரசிடென்ட், கமிட்டி என்று மாடல்கள் உண்டு. எளிமையான செனட்டரே நல்ல நிலையில் இருந்தால் சில நூறு பவுண்டுக்குப் போகும். பவுண்டு, சேகர், ரூபாய் இல்லை.

காசுக்காக மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. மகன் காலேஜ் ஃபீஸ் உனக்குப் பாரம் என்று எனக்குத் தெரியும். விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுக்கொள், அப்பா கோபிக்க மாட்டார். அது இன்னது என்று தெரிந்து, அதற்குள்ள விலைக்கு விற்றுவிடு. எனக்கே கொடுத்தாலும் சந்தோஷம்தான். ஃபீஸுக்கு என்ன குறைகிறது என்று கூச்சப்படாமல் சொல், கிட்டார் உன் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. பரணிலிருந்து இறக்கு, அங்கே சூடு அதிகம். துணியால் தூசி மட்டும் தட்டு, எண்ணெய் போடாதே. தலை, முன், பின், திருகாணிகள், வெட்டுக்குள் தெரியும் சீட்டு, அதில் எண் இருந்தால் எண், எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்து, ஆனால் மொத்தமாகக் கழற்றிவிடாதே. அந்த வகையில் பிரிட்ஜை, அதாவது கம்பிகளைத் தாங்கும் கட்டையை, ஒட்டியிருக்க மாட்டார்கள், கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். கழற்றினால் விழுந்துவிடும், அப்புறம் அப்பா வைத்த இடம் எது என்று யாருக்கும் தெரியாது.

ரேவதிக்கும் அம்மாவுக்கும் என் அன்பு. படங்கள் வரும்வரை தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்
ரகு