பேராசிரியர் என்றே அழைக்கப்பட்டவர்

ஐயா,

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக் கல்வித்துறை வளாகத்துக்குப் பேராசிரியர் க. அன்பழகனின் பெயர் 2022-இல் சூட்டப்பட்ட பின்னும், ஓய்வூதியக் கோப்புடன் அங்கு செல்லும் என்னைப் போன்ற பழைய ஆசிரியர்கள் ஆட்டோக்காரரிடம் 'டி.பி.ஐ.' என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறோம். பழக்கதோஷம் அது; அந்தப் பெயருக்குரியவரை மறந்துவிட்டோம் என்று பொருளல்ல.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்று, பச்சையப்பன் கல்லூரியில் 1944 முதல் தமிழ் கற்பித்த அவர், 1957-இல் எழும்பூர் தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்குச் சென்றார். அடுத்து 1962-இல் ஆசிரியர் தொகுதியிலிருந்து மேலவைக்கு அவர் தேர்வானது, ஆசிரியர்களுக்கெனத் தனி இடங்கள் இருந்த அந்த அவையையே அறியாத இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கலாம். பின்னாளில் மக்கள் நல்வாழ்வு, கல்வி, நிதி ஆகிய துறைகளின் அமைச்சராக இருந்தார். இந்தித் திணிப்பை எதிர்த்து அரசியலமைப்பின் மொழிப் பிரிவு நகலை எரித்ததற்காக 1986-இல் சட்டமன்றப் பதவியையும் இழந்தார். இத்தனைக்குப் பிறகும், 2020-இல் மறையும்வரை, தி.மு.க. கட்சிக்காரர்கள் வாயில் அவர் 'பேராசிரியர்'தான். 13 ஆண்டுகளே செய்த வேலை, அறுபதாண்டு அரசியலையும் தாண்டிப் பெயராக நிலைத்துவிட்டது!

வளாகத்துக்கு வரும் மாணவர்கள் படிக்கும்படி, அவரது சட்டமன்ற உரைகளில் கல்வி குறித்தவற்றைத் தொகுத்து, மலிவுப் பதிப்பாகப் பாடநூல் கழகம் அங்கேயே விற்பனைக்கு வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருவாரூர்.