பிள்ளைய மாடலா ஆக்குறோம்னு பணம் கேக்குறாங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

நாங்க கோத்தகிரி பக்கம், பச்சத்தேயில வித்துதான் குடும்பம் ஓடுது. போன மாசம் ஊட்டியில ஒரு ஹோட்டல் ஹால்ல குழந்தைங்களுக்கு விளம்பர ஆடிஷன்னு சொன்னாங்க, என் 7 வயசு பொண்ண கூட்டிட்டு போனோம், பத்தே நிமிஷத்துல செலக்ட் ஆயிட்டானு சொல்லிட்டு போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வாய்ப்பு கேக்க காட்டுற போட்டோ ஆல்பத்துக்கு, 35,000 ரூபா கட்டுங்க, இன்னைக்கே கட்டினாதான் சீட்டுனு சொன்னாங்க.

அக்ரிமென்ட்ட வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிச்சுட்டு வரேன்னேன், தரமாட்டேன்னுட்டாங்க. அங்கயே நின்னு படிச்சேன். கட்டின பணம் திரும்ப கிடையாது, 3 வருஷம் வேற எங்கயும் போகக்கூடாது, போட்டோவ அவங்க எதுக்கு வேணா எப்ப வேணா பயன்படுத்தலாம். வேல வாங்கித் தருவோம்னு மட்டும் ஒரு வரி கூட இல்ல! ஒழுங்கான ஏஜென்சி பிள்ளைக்கு வர்ற சம்பளத்துலதான் கமிஷன் எடுக்கும், முன்னாடியே நம்மகிட்ட வாங்காது.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட 2017 விதிப்படி ஷூட்டிங்குக்கு கலெக்டர் அனுமதி வேணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, இடைவெளி விடாம 3 மணி நேரத்துக்கு மேல வேல வாங்கக்கூடாது, சம்பளத்துல 20 சதவீதமாவது பிள்ளை பேர்ல பேங்க் டெபாசிட் போடணும். இதுல ஒண்ணு கூட அந்த பேப்பர்ல இல்ல.

நான் கட்டாம வந்துட்டேன், ஆனா அங்க வட்டிக்கு வாங்கி கட்டினவங்களையும் பாத்தேன், மனசு ஆறல. பணம் கட்டி ஏமாந்தவங்க 1915 நுகர்வோர் நம்பருக்கு கூப்பிடுங்க. இந்த மாதிரி ஹால் ஆடிஷன்கள மாவட்ட நிர்வாகம் விசாரிக்கணும்.

இப்படிக்கு,
ஒரு அம்மா, கோத்தகிரி