காதல் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் என் மாமியார் 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்று சம்பந்தர் பதிகத்தைப் பாடுவார். அன்றைக்கு ஆறாவது படிக்கும் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னடி என்றால், "சாமி பாட்டுல போயி காதல்னு வருது பாட்டி!" என்கிறாள். அவர் பாட்டை நிறுத்திவிட்டு, "மனசு அப்படியே கரைஞ்சு போற அன்புடி அது" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அவள் அந்தச் சொல்லை அதிகம் பார்ப்பதே செய்தித்தாளில்தான், அதுவும் கத்திக்குத்துச் செய்திகளில். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை மாதக்கணக்கில் விடாமல் துரத்தி, வழிமறித்து, கடைசியில் ஒருவன் குத்திவிட்டால் 'ஒருதலைக் காதலால் விபரீதம்' என்று தலைப்பு வைக்கிறீர்கள். அவன் செய்ததில் காதல் எங்கே இருக்கிறது? ஒருதலையாக இருந்தால் துன்பம், காவடித்தண்டு போல இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் இன்பம் என்று குறள் (1196) சொல்கிறதே, அந்தத் துன்பம் நேசிக்கிறவர் தனக்குள் படுகிற துன்பம். அடுத்தவர் கழுத்தில் கத்தி வைப்பதற்கு அங்கே இடமே இல்லை. அந்தக் குறளில் வரும் சொல்கூட 'காமம்'தான், அன்றைக்கு அது நல்ல சொல், இன்று வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சரி, அது போய்விட்டது. காதலும் போக வேண்டுமா? அகராதியில் 'காதலன்' என்ற சொல்லைப் பாருங்கள், கணவன், தோழன் என்பதோடு மகன் என்ற பொருளும் இருக்கும். அவ்வளவு பேரைத் தாங்கிய சொல் அது.

இந்தக் குற்றத்துக்குச் சட்டத்திலேயே பெயர் இருக்கிறது. விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வது 2013-லேயே தனிக் குற்றமாகிவிட்டது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தில் 78-ஆவது பிரிவு. 'பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவர் வெறிச்செயல்' என்று போட்டால் தலைப்பில் இடம் பத்தாமலா போய்விடும்? ('கள்ளக்காதல்' பற்றி எழுதினால் இந்தக் கடிதம் நீண்டுவிடும், அதைத் தனியாக எழுதுகிறேன்.)

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, தலைப்பு எழுதுகிறவர் அந்தப் பெண்ணின் அம்மாவும் மறுநாள் அதை வாசிப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.