போர்க்காலப் பார்சல் விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

படை அஞ்சல் விதிகளை வகுக்கும் அஞ்சல் துறை அதிகாரிகளுக்கும் ராணுவ அஞ்சல் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கடல் கடந்து போர்முனையில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ பார்சல் கட்டுகிறவர்கள் உங்கள் விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கட்டுகிறார்கள். அந்தத் தாளில் ‘கூடாது’ என்ற சொல் நிறைய இருக்கும். ‘ஏன்’ என்பது இருக்காது. காரணம் தெரியாத விதியைப் பாதிதான் கடைப்பிடிக்க முடியும். மீதிப் பாதியை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறோம், அந்த ஊகம் தப்பும்போது பெட்டி உடைகிறது. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: விதியையும் அதன் காரணத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கடைப்பிடித்த விதிகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். கிறிஸ்துமஸ் பார்சல் அனுப்பும் காலம் 1942-இல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 1 வரை. மறு ஆண்டு ராணுவத்தாருக்கு செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை என்றும், கடற்படையினருக்கு நவம்பர் 1 வரை என்றும் இரண்டு கெடு. 1944-இல் இரண்டையும் சேர்த்து, எல்லாருக்கும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 என்று ஆக்கினார்கள். அது நல்ல மாற்றம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை ராணுவத்திலும் இன்னொரு பிள்ளை கடற்படையிலும் இருந்தால், இரண்டு தேதிகளை நினைவில் வைப்பது அந்த அம்மாவின் வேலையாக இருக்கக் கூடாது. டிசம்பர் 25-க்குப் போய்ச் சேர வேண்டியதை செப்டம்பரிலேயே ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். கப்பலில் முதல் இடம் குண்டுக்கும் எரிபொருளுக்கும் ரேஷனுக்கும். பாதுகாப்புக்கு உடன்வரும் துணைக் கப்பல்கள் சேரும்வரை சரக்குக் கப்பல் துறைமுகத்தில் காத்து நிற்கும். போய் இறங்கிய பிறகும் படைப்பிரிவு வேறு தீவுக்கு நகர்ந்திருக்கலாம். இவ்வளவும் தெரிந்தவர் கடைசி நாளுக்காகக் காத்திருக்க மாட்டார்.

அளவு விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அன்றைய வரம்பு: எடை 5 பவுண்டு, நீளம் 15 அங்குலம், நீளமும் சுற்றளவும் கூட்டினால் 36 அங்குலம். மெட்ரிக்கில் இது ஏறக்குறைய 2.27 கிலோ, 38 செ.மீ., 91 செ.மீ. சுற்றளவு என்றால் பெட்டியின் நீளத்துக்குக் குறுக்கே டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி எடுக்கும் அளவு. பெட்டி 15 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமும் உயரமும் கூட்டினால் 10, இரண்டு மடங்கு 20, நீளம் 15 சேர்த்தால் 35. போகும். உயரத்தை ஒரே ஒரு அங்குலம் கூட்டி 5 ஆக்கினால் 37 ஆகிவிடும், அஞ்சலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

நீளம் 15 வரை போகலாம் என்று படித்ததும் எல்லாரும் 15 அங்குலப் பெட்டியைத் தேடிப் போகிறார்கள். அது நஷ்டம். 12 அங்குல நீளம், 6-க்கு 6 என்று பெட்டி எடுத்தால் கூட்டுத்தொகை சரியாக 36. கொள்ளளவு 432 கன அங்குலம். 15 அங்குலப் பெட்டியை வரம்புக்குள் எப்படி மடக்கினாலும் 414-ஐ எட்டாது. குட்டையான பெட்டியில் பண்டம் அதிகம் பிடிக்கும், நடுவில் வளைந்து ஒடியவும் ஒடியாது. ஒன்றை மறக்க வேண்டாம்: மேல்தாளும் கயிறும் சுற்றினால் அளவு கூடும் என்பதால் வெறும் பெட்டியை வரம்புக்குக் கொஞ்சம் உள்ளடங்கியே எடுக்க வேண்டும். இந்த நான்கு வரிக் கணக்கை ஒரு சின்னப் படத்தோடு விதித்தாளிலேயே அச்சிட்டால் அஞ்சலக வரிசையில் பாதிச் சண்டை தீரும்.

அடுத்தது கட்டும் முறை. அன்றைய அறிவிப்புகள் தகரம், மரம், கெட்டி அட்டை, இருபுறமும் தாள் ஒட்டிய வலுவான நெளி அட்டை என்று பெட்டியின் வகையையே பெயர் சொல்லிக் கேட்டன. அதற்கு மேல் பசை நாடா, அல்லது உறுதியான கயிறு, அல்லது இரண்டும். வெளியே தடித்த தாள். ஆனால் தணிக்கையாளர் எளிதில் திறந்து பார்க்கும்படியும் இருக்க வேண்டும் என்றன. இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதால் பலர் குழம்பி, தளர்வாகக் கட்டிவிடுகிறார்கள். பெட்டியின் உடல் கெட்டியாக இருக்கட்டும், திறக்கும் வாய் மட்டும் அவிழ்க்கக் கூடியதாக இருக்கட்டும் என்பதே அதன் பொருள். குறுக்கே ஒரு கயிறு, நெடுக்கே ஒரு கயிறு, சந்திக்கும் இடத்தில் முடிச்சு. அதிகாரி அவிழ்த்து மறுபடி கட்டிவிடலாம்.

பெட்டி உடைவது பெரும்பாலும் உள்ளிருந்துதான். அஞ்சல் பையின் அடியில் கிடக்கும் பெட்டி மேலே இருப்பவற்றின் பாரத்தைத் தாங்க வேண்டும். உள்ளே ஒரு மூலையில் காற்று இருந்தால் அந்த மூலைதான் முதலில் அமுங்கும். அமுங்கியதும் கயிறு தொளதொளவென்று ஆகும். பிறகு சோப்புக் கட்டி குலுங்கிக் குலுங்கி அட்டையைக் கிழிக்கும். கட்டி முடித்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் தாள் கசக்கித் திணிக்க வேண்டும். மிட்டாய், பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றை மெழுகுத்தாளில் சுற்றித் தனிச் சிறு பெட்டியில் அடைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொன்ன விதி இன்றைக்கும் பொருந்தும். சோப்பு வாசனை ஏறிய பிஸ்கட்டை யாரும் தின்ன முடியாது. கத்தி, பிளேடு என்றால் முனையையும் விளிம்பையும் மூடியாக வேண்டும். இல்லையென்றால் அது பையைக் கிழிக்கும், பையைத் தூக்குகிறவர் கையையும் கிழிக்கும்.

தடைப்பட்டியலில் பழம், காய்கறி, மது, தீப்பெட்டி, லைட்டர் எண்ணெய், விஷம் எல்லாம் இருந்தன. லைட்டர் அனுப்பலாமா என்று கேட்டு, அனுப்பலாம் என்றதும் எண்ணெய் நிரப்பி அனுப்புகிற ஆள் எப்போதும் உண்டு. தீ பிடித்தால் எரிவது அவர் பார்சல் மட்டுமல்ல, அந்தச் சரக்கு அறையே. பழத்தின் கதையும் இதுதான். ஒரு பழம் அழுகினால் ஒரு பை முழுக்க முகவரி நனைந்து அழியும். ‘உங்கள் பொருளுக்காக அல்ல, பக்கத்துப் பார்சலுக்காக இந்தத் தடை’ என்று எழுதுங்கள். மக்கள் கேட்பார்கள்.

கிறிஸ்துமஸ் காலம் அல்லாத நாட்களில், வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தார் தாமே எழுதிக் கேட்ட கடிதத்தைக் காட்டினால்தான் பார்சல் ஏற்கப்பட்டது. அஞ்சலகம் அந்தக் கடிதத்தின் மேல் முத்திரை குத்திவிடும். மறுபடி அதைக் காட்ட முடியாது. கப்பல் இடத்தைக் காக்க இது பயன்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் எங்களுக்கு இந்த விதியில் மனம் ஒப்பவில்லை. கூச்சப்படும் பிள்ளை கேட்கவே மாட்டான். ஓர் அனுப்புநரிடமிருந்து ஒருவருக்கு வாரம் ஒரு பார்சலுக்கு மேல் இல்லை என்ற விதியும் அன்று இருந்தது. இடத்தை மிச்சப்படுத்த அந்த மாதிரி எண்ணிக்கை வரம்பே போதும், நியாயமும் அதுதான்.

இனி முகவரி. அன்று பெயர், படை எண் (ஒவ்வொரு படையினருக்கும் தரப்படும் தனி எண்), பிரிவு, ராணுவ அஞ்சலக எண், பிறகு ‘அஞ்சல் தலைவர், நியூயார்க்’ அல்லது ‘சான் பிரான்சிஸ்கோ’ என்று எழுதுவார்கள். நாட்டின் பெயரே வராது. படை எங்கே நிற்கிறது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாது. இந்தியப் படையினருக்கு 56 ஏபிஓ, 99 ஏபிஓ (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்) என்று எழுதுவதும் இதே முறை. இதில் படை எண்ணை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் சாட்சி. 1945 பிப்ரவரியில் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் அமெரிக்க ராணுவத்தின் 6888-ஆவது மைய அஞ்சல் முகவரிப் படையணி அங்கே போய் இறங்கியது. 855 கறுப்பினப் பெண்கள் கொண்ட படையணி. கூரை முட்டக் குவிந்த அஞ்சல், கெட்டுப்போன கேக்கைத் தேடிப் பார்சல்களைக் குடைந்த எலிகள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேருக்கு மேல்! ஏறக்குறைய 70 லட்சம் முகவரி அட்டைகளை வைத்துக்கொண்டு, படை எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் எந்த ஸ்மித் என்று பிரித்தார்கள். ஒரு ஷிப்டுக்கு சுமார் 65,000 உருப்படிகள். ஆறு மாத வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள். படை எண் கட்டாயம் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

போர்க்கைதிகளுக்கான பார்சல் வேறு வகை. அன்று அமெரிக்காவில் அவர்களின் நெருங்கிய உறவினருக்கு 60 நாளுக்கு ஒரு சீட்டு வரும். அதை ஒட்டி 11 பவுண்டு வரை அனுப்பலாம், கட்டணம் இல்லை. உள்ளே கடிதம் வைக்கக் கூடாது. வைத்தால் மொத்தப் பார்சலும் சந்தேகத்துக்கு உள்ளாகும். 1949 ஜெனீவா மூன்றாம் உடன்படிக்கையின் 76-ஆவது பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது: பொருள் கெட்டுப்போகும் விதத்தில் சோதனை செய்யக் கூடாது, எழுத்தும் அச்சும் தவிர மற்றதைப் பெறுநர் முன்னிலையிலோ அவர் அதிகாரம் கொடுத்த சக கைதி முன்னிலையிலோ திறக்க வேண்டும். இது அனுப்புகிறவருக்கும் தெரிய வேண்டிய உரிமை. விதித்தாளில் சேருங்கள்.

கடைசியாக, விதித்தாளின் அடியில் வெட்டி எடுக்கும்படி ஒரு சீட்டு அச்சிட வேண்டுகிறோம். அதில் பெறுநரின் பெயர், படை எண், பிரிவு, அஞ்சலக எண்; கீழே அனுப்புநர் முகவரி; அதற்கும் கீழே உள்ளிருக்கும் பொருள்களின் பெயர். கட்டுவதற்கு முன் பெட்டிக்குள் மேலாக வைக்க வேண்டும். வெளித்தாள் கிழிந்து முகவரி போய்விட்டாலும், பிரித்துப் பார்க்கும் ஊழியர் கையில் முதலில் அகப்படுவது அந்தச் சீட்டாக இருக்கும்.

இப்படிக்கு,
படை அஞ்சல் வரலாற்றைத் தொடர்ந்து படித்துவருவோர்