மோன்பெலியேவில் படிக்கும் மகளுக்கு, கம்பத்திலிருந்து

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மேலத்தோட்டத்தில் கவாத்து முடிந்து துளிர் விட்டிருக்கிறது. போனில் பேசினால் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். அதனால் சொல்ல நினைத்ததை எழுதியே அனுப்புகிறேன்.

நீ போனதிலிருந்து பிரான்ஸ் பக்கத்துத் திராட்சைக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். நம் வீட்டில் யாரும் வைனை வாயில் வைத்ததில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் நம்மைப் போலக் கொடி வளர்த்தவர்கள்தான். உன் ஊர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் பிளான்ஷோன் என்கிற தாவரவியல் அறிஞருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறதாம். ஒரு விவசாயி அவரை நோக்கித் திராட்சைக் குலையை நீட்டிக்கொண்டு நிற்பான். அவசரமாக நடக்கிற நாளிலும் அங்கே ஒரு நிமிஷம் நில்லு.

1863 வாக்கில் ரோன் ஆற்றுப் பக்கத்துத் தோட்டங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் காயத் தொடங்கின. முந்தின வருஷம் ரோக்மோர் ஊர் வைன் வியாபாரி ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளைத் தன் வீட்டில் நட்டிருந்தார். செத்த கொடியைத் தோண்டிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும், பூச்சி எதுவும் இருக்காது. 1868 ஜூலை 15-ஆம் தேதி பிளான்ஷோனும் கூட இருவரும் ஒரு தோட்டத்துக்குப் போனார்கள். அன்றைக்கு உயிரோடு இருக்கிற கொடியையும் பிடுங்கினார்கள். வேர் முழுக்க மஞ்சள் பொடி தூவின மாதிரி பேன் அப்பியிருந்தது, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சாறு வற்றினதும் அது செத்த வேரை விட்டுப் பக்கத்துக் கொடிக்குப் போய்விடும். அதனால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. பெயர் ஃபிலாக்ஸெரா. வேரைத் தின்னும் நூற்புழு வந்த வருஷம் நம் அப்பத்தா காய்ந்த கொடியை விட்டுவிட்டுப் பச்சையாக நின்ற கொடியின் அடியைத் தோண்டச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அதே புத்தி.

அப்புறம் நடந்ததைப் படித்தால் வயிறு எரிகிறது. 1875-இல் பிரான்ஸ் எடுத்த வைன் 84.5 மில்லியன் ஹெக்டோலிட்டர், ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர். 1889-இல் 23.4 மில்லியன். மருந்து கண்டுபிடிப்பவருக்கு அரசு 3,00,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தது, யாருக்கும் கொடுக்கவில்லை. கொடிக்கு அடியில் தேரையைப் புதைத்துப் பார்த்தார்களாம். கார்பன் டைசல்ஃபைடை மண்ணுக்குள் ஊசி போட்டார்கள். தோட்டத்தைத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். கையில் காசும் தண்ணீரும் இருந்தவர்களுக்குத்தான் அதெல்லாம் முடிந்தது.

கடைசியில் பிழைக்க வைத்தது, நோயைக் கொண்டுவந்த அதே அமெரிக்கக் கொடி. பேன் கடித்த இடத்தைத் தக்கை போல மூடிக்கொள்ளும் வேர் அதற்கு இருந்தது. வேர் அமெரிக்கா, மேலே ஒட்டுக்கட்டினது பிரெஞ்சு ரகம். ருசி கெட்டுப்போகும், குலப்பெருமை போய்விடும் என்று பெரிய தோட்டக்காரர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். அதிலும் சுண்ணாம்பு மண்ணில் அந்த வேர் பிடிக்கவில்லை, இலை மஞ்சளித்துப் போனது. 1887-இல் உன் மோன்பெலியே கல்லூரியிலிருந்து வியாலா என்கிற பேராசிரியர் அமெரிக்காவுக்குப் போனார். டெக்ஸஸில் மன்சன் என்பவர் சுண்ணாம்பு நிலத்திலேயே விளைகிற காட்டுக்கொடியைக் காட்டிக்கொடுத்தார். சுண்ணாம்பு மண்ணுள்ள கோன்யாக் வட்டாரம் அதனால்தான் மீண்டது. நாம் கீழத்தோட்டத்தில் ஒட்டுக்கட்டி நட்ட டாக்ரிட்ஜ் வேர்ச்செடி இருக்கிறதே, அதையும் டெக்ஸஸ் காட்டிலிருந்து தேர்ந்தெடுத்தவர் அதே மன்சன்தான். அதைப் படித்த அன்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு தூரிலும் ஒட்டுக் கணுவைத் தடவிப் பார்த்தேன்.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது பேனுக்காக இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வைன் கிடைக்காத வருஷங்களில் வியாபாரிகள் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து வைன் செய்தார்கள். பிழிந்த சக்கையில் சர்க்கரையும் தண்ணீரும் ஊற்றித் திரும்பப் புளிக்கவைத்தார்கள். பற்றாக்குறையில் அது பழகிப்போனது. கடன் வாங்கி ஒட்டுக்கட்டி விவசாயி மீண்டு வந்தபோது சந்தையில் போலிச் சரக்கு நிறைந்து கிடந்தது. விளைச்சலும் கூடிப்போனது. விலை பாதாளத்துக்குப் போனது. 1903-இல் சர்க்கரை வரியைக் குறைத்தார்கள், கலப்படம் இன்னும் மலிவானது. பேனைவிட இது கொடுமை என்பேன். பேனுக்கு வஞ்சகம் தெரியாது.

1907 மார்ச் 11. அர்ஜெலியே என்கிற சின்ன ஊரிலிருந்து 87 பேர் நார்போனுக்குக் கிளம்பினார்கள், வைன் நெருக்கடியை விசாரிக்க வந்த நாடாளுமன்றக் குழுவைப் பார்க்க. முன்னால் நின்றவர் மார்செலின் ஆல்பேர், கொஞ்சம் நிலமும் ஒரு காப்பிக்கடையும் வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஊரில் கூடினார்கள், கூட்டம் வாராவாரம் பெருகியது. ஜூன் 9-ஆம் தேதி நீ இருக்கிற மோன்பெலியேவில் 5 லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். ஊர் ஜனத்தொகையைப் போலப் பல மடங்கு. படுக்க இடம் இல்லாதவர்களுக்கு ஆயர் தேவாலயங்களைத் திறந்துவிட்டார்.

பிரதமர் கிளெமான்சோ படையை அனுப்பினார். நார்போனில் சுட்டார்கள். செத்தவர்களில் செசில் பூரெல் என்று 20 வயதுப் பெண், சந்தைக்கு வந்தவள். இரண்டு நாளாக அந்தப் பெயர் என் மனசை விட்டுப் போகவில்லை. இந்தச் செய்தி கேட்டு ஆக்ட் என்கிற ஊரில் இருந்த 17-ஆம் படைப்பிரிவில் சுமார் 500 சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பெசியேவுக்கு நடந்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தானே, சொந்த ஜனத்தைச் சுட மாட்டோம் என்று தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் அவர்களுக்குச் சோறு போட்டது. பின்னால் அவர்களைத் துனிசியாவுக்கு அனுப்பினார்கள்.

மார்செலின் மேல் பிடிவாரண்டு இருந்தது. ஒளிந்து பாரிஸுக்குப் போய்க் கிளெமான்சோவையே நேரில் பார்த்தார். திரும்பிப் போக ரயில் செலவுக்கு என்று அவர் 100 ஃபிராங்க் நீட்ட, இவர் வாங்கிக்கொண்டார். கிளெமான்சோ அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். ஊர் திரும்பினவரைத் தன் ஜனமே விலைபோனவன் என்றது. 1921-இல் ஏழையாகவே செத்தார். அவரை அப்பாவி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. பெரிய இடத்தில் ஒருத்தர் கை நீட்டிக் காசு கொடுத்தால் அதற்குள் கண்ணி இருக்கும் என்று கிராமத்து மனுஷனுக்கு எப்படித் தோன்றும்? தரகர் முன்பணத்தை நாம் எத்தனை தடவை அப்படி வாங்கியிருக்கிறோம்.

அவர்கள் கேட்டது கிடைத்தது, அதை யாரும் மறுக்க முடியாது. 1907 ஜூன் 29-இல் தண்ணீர் கலப்பதையும் அளவுக்கு மீறிச் சர்க்கரை சேர்ப்பதையும் தடுக்கச் சட்டம் வந்தது. செப்டம்பரில், புதுத் திராட்சையோ அதன் சாறோ புளித்து வருவது மட்டும்தான் வைன் என்று அரசாணை போட்டார்கள். 1935-இல் எந்த மண்ணில் விளைந்ததோ அந்தப் பெயருக்கே காவல் கொடுத்தார்கள். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். அப்படி ஒரு ஏற்பாட்டுக்குப் பின்னால் என்னென்ன நடந்திருக்கிறது என்று இப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிகிறது.

லீவு கிடைத்தால் அர்ஜெலியேவுக்கும் நார்போனுக்கும் போய்விட்டு வா. அப்புறம், சுண்ணாம்பு மண் வேர்ச்செடியைப் பற்றி உன் வாத்தியாரிடம் கேள். கீழத்தோட்டத்து வடக்குக் கோடியில் இலை மஞ்சளாகவே இருக்கிறது. மண் பரிசோதனை அட்டையைச் சித்தப்பாவிடம் கொடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன், அடுத்த நடவுக்கு முன்னால் பதில் வேண்டும்.

அன்புடன்,
அம்மா